வீட்டுத் தோட்டத்துப் புகையிலைக்கு உரம்: எதை வைப்பது, எவ்வளவு வைப்பது, எப்போது நிறுத்துவது

தை கடைசியில் புகையிலை இலை ஒன்றை விரல்களுக்கு நடுவே வைத்து மடக்கிப் பாருங்கள். பழுத்த இலை சட்டென்று முறியும். பச்சையின் மேல் மஞ்சள் தெளித்த மாதிரி திட்டுத்திட்டாக இருக்கும், தொட்ட விரலில் பிசின் ஒட்டும். உரம் தவறிப்போன செடியின் இலை கரும்பச்சையாக, பெரிதாக, பார்க்க அழகாகவே நிற்கும். மடக்கினால் மட்டும் துணி மாதிரி வளையும். அந்த இலையைக் காயப் போட்டால் பச்சை மாறாது, பாதி பூசணம் பிடித்துப் போகும்.

புகையிலைக்கு உரம் வைப்பதில் முக்கியமான விஷயம் ஒன்றுதான். தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், நேரத்தோடு நிறுத்திவிட வேண்டும். கீரைக்குக் கடைசிவரை தழைச்சத்து கொடுத்தாலும் நஷ்டமில்லை, இளசாகத்தானே பறிக்கிறோம். புகையிலை அப்படியில்லை. அதன் இலை செடியிலேயே முதிர்ந்து பழுக்க வேண்டும், பழுக்க வேண்டுமென்றால் கடைசி ஒன்றரை மாதம் செடி கொஞ்சம் பசியோடு இருக்க வேண்டும்.

எங்களுக்கு வேடசந்தூர் பக்கம். அப்பா காலத்தில் வயல் முழுக்கப் புகையிலைதான். இப்போது வீட்டுக்குப் பின்னால் இருபது செடி வைக்கிறேன், அதுவும் காய்கறித் தோட்டத்துக்குப் பூச்சிக் கஷாயம் காய்ச்ச மட்டும். வெற்றிலையோடு புகையிலை போட்டே வாய்ப்புற்றில் போனவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அதனால் மெல்லவும் புகைக்கவும் ஓர் இலைகூட யாருக்கும் கொடுப்பதில்லை. நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா ரகத்தைப் பயிரிட 1975-ஆம் ஆண்டின் புகையிலை வாரியச் சட்டப்படி பதிவு வேண்டும். வட்டக்கப்பல், ஊசிக்கப்பல் போன்ற நாட்டு வகைகளும், அபிராமி, பாக்கியலட்சுமி போன்ற மெல்லும் புகையிலை ரகங்களும் அதில் வராது. கீழே சொல்வதெல்லாம் இந்த வகைகளுக்குத்தான்.

மண்ணையும் தண்ணீரையும் முதலில் பாருங்கள்

உரக்கடைக்குப் போகும் முன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். தோட்டத்தில் நாலைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக்கிலோவைத் துணிப்பையில் போட்டு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் போதும். அறிக்கை வந்ததும் கார அமில நிலையையும் (pH) உப்பின் அளவையும் கட்டாயம் பாருங்கள். புகையிலைக்கு 5.5 முதல் 6.5 வரை கார அமில நிலை இருந்தால் அருமை. எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் 7-க்கு மேலேயும் நன்றாக வருகிறது. 8-ஐத் தாண்டினால் இரும்பு, துத்தநாகம் எல்லாம் மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும்.

தண்ணீரைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. உவர்க் கிணற்றுத் தண்ணீரில் என்ன உப்பு இருக்கிறதோ அது அத்தனையும் ஒவ்வொரு பாய்ச்சலிலும் மண்ணில் சேரும். வெற்றிலையோடு போடும் புகையிலைக்கு உவர்த் தண்ணீரே நல்லது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இலை நமுத்து, மெதுவாக இருக்கும், மெல்லுகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும். காய வைத்துப் பத்திரப்படுத்தப் போகிற நமக்கு அந்த நமுப்பு வேண்டாம். மழைநீரோ நல்ல தண்ணீரோ கிடைத்தால் அதையே விடுங்கள்.

கடையில் பொட்டாஷ் என்று மட்டும் கேட்காதீர்கள்

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் வருடம் கடையில் போய் "பொட்டாஷ் குடுங்கண்ணே" என்றேன். செங்கல் தூள் நிறத்தில் ஒரு கிலோ கட்டிக் கொடுத்தார்கள். நானும் செடிக்கு ஒரு கைப்பிடி என்று தாராளமாகப் போட்டேன். செடி வளர்ந்தது. ஆனால் இலை தடித்து, மினுமினுப்பாகி, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டது. அறுத்துக் கட்டித் தொங்கவிட்டு ஒரு மாதம் கழிந்தும் தொட்டால் ஈரம். வெயில் நேரத்தில் காய்ந்த மாதிரி இருக்கும், விடியற்காலையில் போய்ப் பார்த்தால் நனைத்துப் பிழிந்த துணி மாதிரி தொங்கும். பனியையெல்லாம் அந்த இலை குடித்துவிட்டது. கடைசியில் எல்லாவற்றிலும் பூசணம்.

காரணம் குளோரைடு. அந்தச் சிவப்பு உரம் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ். அதில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், 60 சதவீதம், கூடவே கிட்டத்தட்ட 47 சதவீதம் குளோரைடும் உண்டு. நெல்லுக்கும் தென்னைக்கும் அது நல்ல உரம், விலையும் மலிவு. புகையிலை மட்டும் குளோரைடைக் கிடைத்த அளவுக்கெல்லாம் உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும், அந்த இலை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்.

கேட்டு வாங்க வேண்டியது சல்பேட் ஆஃப் பொட்டாஷ். வெள்ளையாக, மாவு மாதிரியோ சின்னக் குருணையாகவோ இருக்கும். சாம்பல் சத்து 50 சதவீதம், கந்தகம் சுமார் 17 சதவீதம். விலை கூடத்தான், ஆனால் இருபது செடிக்குக் கால் கிலோவே போதும் என்பதால் பெரிய செலவில்லை. சொட்டுநீர்க்காரர்கள் வாங்கும் 0-0-50 என்ற பொட்டலமும் இதுவேதான்.

இதே காரணத்துக்காக வேறு சிலவற்றையும் தள்ளி வைக்க வேண்டும். அமோனியம் குளோரைடு தமிழ்நாட்டுக் கடைகளில் தழைச்சத்து உரமாகக் கிடைக்கிறது, அது கூடவே கூடாது. 17-17-17, 10-26-26 போன்ற, பல சத்தும் சேர்ந்து வரும் காம்ப்ளக்ஸ் உரங்களில் பெரும்பாலும் சாம்பல் சத்து அந்தச் சிவப்புப் பொட்டாஷிலிருந்துதான் வருகிறது, அதுவும் வேண்டாம். வீட்டில் செய்கிற மீன் கரைசல் நல்ல மீன் கழிவில் செய்தால் சரி. கருவாட்டுக் கழிவில் செய்தால் உப்பு மண்ணுக்குப் போய்விடும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் அப்படியே.

தழைச்சத்துக்கு யூரியா போதும், அதில் 46 சதவீதம். மண் சூடாக இருக்கும் நம் ஊரில் அது இரண்டு மூன்று வாரத்துக்குள் நைட்ரேட்டாக மாறிவிடும், புகையிலை விரும்பி எடுப்பதும் நைட்ரேட்டைத்தான். கால்சியம் நைட்ரேட் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் தழைச்சத்து 15.5 சதவீதம்தான் என்பதால், யூரியாவைப்போல் மூன்று மடங்கு போட வேண்டியிருக்கும். மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு, சிங்கிள் சூப்பர் பாஸ்பேட். இதில் மணிச்சத்து 16 சதவீதம், கூடவே கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வருகின்றன. டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) போட்டாலும் தவறில்லை. ஆனால் அதில் 18 சதவீதம் தழைச்சத்து இருப்பதைக் கணக்கில் கழிக்க மறந்துவிடாதீர்கள்.

ஒரு செடிக்கு எவ்வளவு: கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மெல்லும் புகையிலைக்கு எங்கள் பக்கத்தில் ஏக்கருக்கு 50 கிலோ தழைச்சத்து என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டரை அடிக்கு இரண்டரை அடி, அதாவது 75 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 7,200 செடி. 50 கிலோவை 7,200-ஆல் வகுத்தால் செடிக்கு 7 கிராம் தழைச்சத்து.

இந்த 7 கிராமை எங்கிருந்து எடுப்பது? வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து 5 சதவீதம், 50 கிராம் வைத்தால் இரண்டரை கிராம் வரும். மீதி நாலரை கிராமுக்கு 10 கிராம் யூரியா. அவ்வளவுதான். 10 கிராம் என்பது எவ்வளவு கொஞ்சம் என்று தராசில் ஒருதரம் நிறுத்துப் பாருங்கள். தேக்கரண்டியில் லேசாகக் கும்பலாக எடுத்தால் 5 கிராம், அதுபோல இரண்டு கரண்டி. ஒரு கைப்பிடி என்று போடுகிற ஆள் இதைவிட நாலைந்து மடங்கு போடுகிறார்.

இதோடு செடிக்கு ஒன்றரைக் கிலோ மக்கிய தொழுவுரம், 20 கிராம் சூப்பர் பாஸ்பேட், 12 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ். இருபது செடிக்கு மொத்தமாக வாங்க வேண்டியது தொழுவுரம் 30 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 1 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 400 கிராம், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 240 கிராம், யூரியா 200 கிராம். மண் பரிசோதனையில் சாம்பல் சத்து அதிகம் என்று வந்தால் பொட்டாஷைப் பாதியாக்குங்கள். மணிச்சத்து அதிகம் என்றால் சூப்பர் பாஸ்பேட்டையும் பாதியாக்குங்கள்.

தொழுவுரம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சாண வாசனை வரக்கூடாது, மழை பெய்த மண் வாசனைதான் வர வேண்டும். எங்கள் ஊரில் நடவுக்கு முன் வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களிலும் மாட்டுப்பட்டி அடைப்பதும் பூவரசம் குழையை மண்ணில் தாழ்ப்பதும் பழைய வழக்கம். இரண்டிலும் உரம் நடவுக்கு முன்பே மண்ணுக்குப் போய்விடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

ரசாயன உரமே வேண்டாம் என்பவர்கள் யூரியாவுக்குப் பதில் செடிக்கு 65 கிராம் கடலைப் புண்ணாக்கு வைக்கலாம், அதில் தழைச்சத்து 7 சதவீதம். ஆனால் அதை இரண்டாகப் பிரித்துக் கடைசியில் வைக்காதீர்கள். புண்ணாக்கும் எருவும் மெதுவாகக் கரைந்து, நாம் நிறுத்த நினைக்கும் நேரத்தில்தான் சத்தை அதிகமாக விடும். பாதியைக் குழியில் வையுங்கள், மீதியைத் தண்ணீரில் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, நட்ட இருபதாம் நாளுக்குள் ஊற்றி முடித்துவிடுங்கள். கோழி எருவும் இதே மாதிரிதான். சூடு அதிகம், உப்பும் அதிகம், நான் அதைப் புகையிலைக்குப் பயன்படுத்துவதே இல்லை.

நாற்று

புகையிலை விதை கடுகைவிடப் பல மடங்கு சின்னது, ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கும். இருபது செடிக்கு ஒரு சிட்டிகையே அதிகம். மணலோடு கலந்து, ஆவணி புரட்டாசியில் மேட்டுப்பாத்தியிலோ தட்டிலோ தூவி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். மண் போட்டு மூடக்கூடாது. உரம் என்று பார்த்தால் சலித்த மக்கிய எரு மட்டும் போதும். நாற்றுக்கு யூரியா கொடுத்தால் தண்டு நீண்டு வெளுத்து, நாற்றழுகல் வந்து ஒரே இரவில் சாய்ந்துவிடும். ஆறேழு வாரத்தில் நடும் பக்குவம் வரும்.

நடவிலிருந்து நுனி கிள்ளும் வரை

நடுவதற்குப் பத்து நாள் முன்பு ஓரடி அகலம், முக்காலடி ஆழத்தில் குழி எடுங்கள். தொழுவுரம், வேப்பம் புண்ணாக்கு, சூப்பர் பாஸ்பேட் எல்லாவற்றையும் குழி மண்ணோடு புரட்டி, பாதி பொட்டாஷையும் இதிலேயே சேர்த்துத் தண்ணீர் விடுங்கள். பத்து நாள் விடுவது புண்ணாக்கின் சூடு தணிய. அவசரப்பட்டு உடனே நட்டால் வேர் வெந்துபோகும்.

ஐப்பசியில் மாலை நேரம் பார்த்து நடுங்கள். முதல் இரண்டு வாரம் வேறெதுவும் வேண்டாம். செடி வேர் பிடிக்கும் காலம் அது, இலை வளராதது மாதிரி தோன்றும், பயந்து உரம் வைத்துவிடாதீர்கள்.

இருபதிலிருந்து இருபத்தைந்தாம் நாளுக்குள் முதல் மேலுரம். 5 கிராம் யூரியாவும் மீதிப் பாதி பொட்டாஷும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, அரைவட்டமாக இரண்டு விரல் ஆழத்துக்குக் கொத்தி, உரத்தைத் தூவி, மண்ணை மூடி, அடித்தண்டுக்கு மண் அணைத்துத் தண்ணீர் விடுங்கள். மூடுவது முக்கியம். மண்ணின் மேல் கிடக்கும் யூரியா வெயிலில் அமோனியாவாகக் காற்றோடு போய்விடும். இலை மேல் ஒரு குருணை விழுந்தாலும் அந்த இடம் கருகி ஓட்டையாகும். இலைதான் நமக்கு மகசூல், அதனால் விழுந்ததை உடனே தட்டிவிடுங்கள்.

நாற்பதிலிருந்து நாற்பத்தைந்தாம் நாளுக்குள் இரண்டாவது மேலுரம், மறுபக்கத்து அரைவட்டத்தில் மீதி 5 கிராம் யூரியா மட்டும். இதோடு கணக்கு முடிந்தது. நாற்பத்தைந்தாம் நாளுக்குப் பிறகு தழைச்சத்து எந்த வடிவத்திலும் போகக்கூடாது. பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மாட்டுக் கோமியம் எதுவும் விதிவிலக்கில்லை.

நடுவில் அடைமழை வரும், ஐப்பசி கார்த்திகை ஆயிற்றே. உரம் வைத்த இரண்டு மூன்று நாளில் பேய்மழை கொட்டினால் நைட்ரேட் கரைந்து வேருக்குக் கீழே இறங்கிவிடும். உடனே இன்னொரு தவணை போடாதீர்கள். ஒரு வாரம் பாருங்கள். நடு இலைகள்கூட வெளிறினால் மட்டும் செடிக்கு 2 கிராம் யூரியா கூடுதலாக வைக்கலாம், அதுவும் நாற்பத்தைந்து நாள் எல்லைக்குள்.

அறுபதாம் நாள் வாக்கில் பூமொட்டு தலைகாட்டும். அப்போது நுனியைக் கிள்ளிவிட வேண்டும், அதன் பிறகு கக்கத்தில் வரும் பக்கச் சிம்புகளை வாரம் ஒருதரம் ஒடித்துவிட வேண்டும். இதையும் உர வேலை என்றே சொல்வேன், பூவுக்கும் விதைக்கும் போகிற சத்து இலைக்குத் திரும்புகிறது அல்லவா? நிக்கோடின் உருவாவது வேரில். அங்கிருந்து இலைக்கு ஏறிச் சேர்கிறது. நுனி கிள்ளியதும் அது கூடும். கஷாயத்துக்கு வீரியம் அதனால்தான் வருகிறது.

புகையிலைக் காளான் முளைத்தால் அதையும் விடாதீர்கள். பச்சையே இல்லாமல், வெளிறிய தண்டில் பூவோடு செடியின் காலடியில் எழும்பும். நாம் வைத்த உரத்தை வேரிலிருந்தே உறிஞ்சும் ஒட்டுண்ணி அது. விதை கட்டும் முன் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

இலையைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது

அடி இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. ஆனால் அறுபது நாளுக்குப் பிறகு அடி இலை மஞ்சளாவது பழுப்பதற்கான அடையாளம், நோய் என்று நினைக்காதீர்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் கடைசியில் யூரியா போடுகிறார்கள். இலை நுனியும் ஓரமும் முதலில் மஞ்சள் படர்ந்து, பிறகு கருகி, கீழ்நோக்கி வளைந்தால் சாம்பல் சத்து போதவில்லை. அடி இலையில் நரம்பு பச்சையாகவே இருந்து நடுப்பகுதி வெளுத்தால் மக்னீசியக் குறை, மணற்பாங்கான மண்ணில் பெருமழைக்குப் பின் இது அடிக்கடி வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் மக்னீசியம் சல்பேட் கலந்து பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்தால் தேறிவிடும். செடி குட்டையாகி, இலை அளவுக்கு மீறிக் கரும்பச்சையாக இருந்தால் மணிச்சத்துக் குறை. அதை அந்தப் பருவத்தில் சரிசெய்வது கடினம், அடுத்த வருடம் குழியில் கவனியுங்கள். குருத்து கொக்கி மாதிரி வளைந்து நின்றால் சுண்ணாம்புச் சத்தைச் சந்தேகப்படுங்கள்.

தொட்டியில் வைப்பவர்களுக்கு 20 லிட்டர் பை வேண்டும், அதற்குக் குறைந்தால் வேர் சுற்றிக்கொள்ளும். உர அளவு மேலே சொன்னதில் பாதிதான், ஆனால் மேலுரத்தை இரண்டுக்குப் பதில் நாலு தவணையாகத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். பையின் அடியில் ஓட்டை இல்லையென்றால் உப்பு அங்கேயே தேங்கும்.

தக்காளி, மிளகாயிலிருந்து தள்ளி வையுங்கள்

புகையிலையும் தக்காளி, மிளகாய், கத்தரியும் ஒரே குடும்பம். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையிலும் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், கை வழியாகவே பரவும். புகையிலையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தக்காளிப் பாத்திக்குப் போகாதீர்கள். அறுவடைக்குப் பிந்திய தட்டையையும் சருகையும் காய்கறித் தோட்டத்து உரக்குழியில் போடவே கூடாது.

கஷாயத்துக்கு அரைக்கிலோ காய்ந்த இலையை நாலரை லிட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட வேண்டும். சும்மா ஊறவைத்தும் எடுப்பார்கள், ஆனால் நன்றாகக் கொதித்தால்தான் அந்த வைரஸ் சாகும். வடிகட்டி, 120 கிராம் பார் சோப்பைச் சீவிக் கரைத்து, ஆறேழு மடங்கு தண்ணீர் சேர்த்து, சாயங்காலம் தேனீ நடமாட்டம் அடங்கியபின் தெளிக்கலாம். இது விஷம். கையுறையும் முகத்துணியும் வேண்டும், கீரைக்கும் பறிக்கப் போகிற காய்க்கும் அடிக்கக் கூடாது. பனி ஈரத்தோடு பச்சை இலையைக் கையாண்டாலும் நிக்கோடின் தோல் வழியாக ஏறித் தலைசுற்றல், வாந்தி வரும், அதனால் ஒடிப்பதும் சிம்பு எடுப்பதும் இலை உலர்ந்த பிறகுதான். குழந்தைகளையும் ஆட்டையும் பக்கத்தில் விடாதீர்கள்.

மாசியில் இலை எடுத்து முடிந்ததும் தட்டையை வேரோடு பிடுங்கி, நன்றாகக் காயவிட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று எரித்துவிடுகிறேன். அந்தச் சாம்பலில் நாம் வைத்த பொட்டாஷின் ஒரு பங்கு அப்படியே இருக்கிறது. யூரியாவோடு கலக்காமல், தென்னைக்கும் வாழைக்கும் பிரித்துப் போட்டுவிடுவேன்.